பிரேக் விளக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ராட்கோவின் வாயால் இதை நான் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவை குடித்திருந்தார். ஒரு தடவை குடிக்கவில்லை. இரண்டு தடவையும் ஒரு சொல் மாறவில்லை. கூட இருந்த ஸ்பாஸும் அதையேதான் சொல்கிறான்.

பல்கேரியாவில், கப்ரோவோவைத் தாண்டி மலைக்கணவாய்க்கு ஏறும் சாலையில் லூபெனின் பட்டறை இருக்கிறது. ராட்கோ அங்கே மெக்கானிக். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் அடுப்பைச் சுற்றி மூன்று பேர் உட்காருவார்கள். முதலாளி லூபென், ராட்கோ, லாரி ஓட்டும் ஸ்பாஸ். ஊறவைத்த முட்டைக்கோஸ், காய்ந்த இறைச்சி, பிளம் சாராயம். பேச்சு ஒன்றே ஒன்றுதான். யார் எந்த இன்ஜினோடு மல்லுக்கட்டினார்கள், எந்தப் பழைய கார் எவ்வளவு வேகம் போனது.

அந்த நவம்பர் சனிக்கிழமை நல்ல மூடுபனி. இரண்டு மணி இருக்கும். நெவேனா என்ற பெண் சிவப்பு நிறப் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கார் வாங்கி ஒன்பது நாள்தான் ஆகிறதாம்.

"இறக்கத்துல போனா டக்கு டக்குன்னு சத்தம் வருது. மூணு பேர்கிட்ட காட்டிட்டேன். ஒண்ணும் இல்லங்கறாங்க."

"திங்கக்கிழம பாத்துடறேன். வேற ஏதாவது உண்டா?" என்றார் ராட்கோ.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சீட்டு. நான் குள்ளம், முன்னாடி இழுத்து வெச்சாதான் எனக்குக் கால் எட்டும். காலையில வந்து பாத்தா சீட்டு பின்னாடி போயிருக்கு. தெனமும்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் போய்விட்டாள். அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு ராட்கோ அடுப்பருகே வந்து உட்கார்ந்தார்.

ஸ்பாஸ் கதையின் நடுவில் இருந்தான். "...டீசல் பம்பு உள்ள ரப்பர் கிழிஞ்சு போச்சுண்ணே. பனி முழங்கால் வரைக்கும். என்ன பண்றது? பொண்டாட்டியோட ரப்பர் பூட்ஸ அறுத்து வட்டமா வெட்டிப் போட்டேன். இருநூறு கிலோமீட்டர் ஓடுச்சு. அவ இன்னிக்கும் ஒத்தக் கால் பூட்ஸ வெச்சுக்கிட்டுக் கேக்கறா."

லூபென் சிரித்தார். "பூட்ஸ் போட்டு ஓட்டினவன் நீ ஒருத்தன்தான்டா. நான் அந்தக் காலத்துல பட்டாள ஆபீசர் வண்டியவே இந்தக் கணவாயில முந்தினவன். ஸ்டியரிங் கையில பாதி, மடியில பாதி."

"வேகம்னா கமென் அண்ணன்தான்," என்றான் ஸ்பாஸ். "ஏழாவது வளைவுலகூட ஆக்சிலேட்டர்லேந்து காலே எடுக்க மாட்டாராமே..."

"அத விடுடா. ராட்கோ மனசு கஷ்டப்படும்."

எப்போதும் இப்படித்தான். அந்தப் பேச்சு வந்தால் லூபென் மூடிவிடுவார். ராட்கோவும் அதற்கு நன்றியோடு இருந்தார்.

அந்தக் காலத்தில் லூபென், ராட்கோ, கமென் மூவரும் ஒரே பந்தய அணி. மலையேறும் கார்ப் பந்தயத்தில் நெட்டையன் கமென்தான் ஓட்டுவான். இன்ஜின் ராட்கோவின் பொறுப்பு. பிரேக் லூபெனின் பொறுப்பு. இருபது வருஷத்துக்கு முன்னால் ஏழாவது வளைவில் கார் திரும்பவே இல்லை. நேராகப் பள்ளத்தாக்கில் போனது. முதலில் இறங்கிப் பார்த்தவர் லூபென்தான். இன்ஜின் அடியில் ஆயில் நட்டு கழன்றிருந்தது, ஆயில் டயரில் கொட்டிச் சறுக்கிவிட்டது என்றார். நட்டை மாட்டியது ராட்கோ. ஊரே அவரைக் குற்றவாளியாகப் பார்த்தது. கமெனின் அம்மா அதன்பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. யாரும் வேலை தராதபோது லூபென் ஒருவர்தான் தந்தார்.

டக்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

டக்... டக்...

சத்தம் பள்ளத்தின் மேல் நின்ற காரிலிருந்து வந்தது.

"சூடு ஆறுது," என்றார் லூபென்.

"வந்து ஒரு மணி நேரமாச்சே," என்றான் ஸ்பாஸ்.

பட்டறை அரை இருட்டு. காரின் பின்பக்கம் இவர்களைப் பார்த்து நின்றது. சாவி ராட்கோவின் சட்டைப் பையில்.

டக்.

பின்விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்தன. அணைந்தன.

டக். எரிந்தன. அணைந்தன.

ராட்கோவுக்குப் புரிந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. பிரேக் மிதி. யாரோ அதை அடிவரை மிதிக்கிறார்கள். பிரேக் பிடிக்கவில்லை. மறுபடி மிதிக்கிறார்கள்.

டக். டக். டக். டக்.

வேகம் கூடியது...

ராட்கோ எழுந்து போனார். கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. சீட்டு கடைசிவரை பின்னால் போயிருந்தது. மிதி தானாகத் தரையைத் தொட்டது. எழுந்தது. தொட்டது.

பிறகு நின்றுவிட்டது.

ஏன் பள்ளத்தில் இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கால் தானாகப் போனது என்கிறார். டார்ச் அடித்து மேலே பார்த்தார்.

ஆயில் நட்டு.

அதன் தலையில் ஒரு துளை. துளையில் மெல்லிய கம்பி. பந்தய வண்டியில் நட்டு கழலாமல் இருக்க அப்படிக் கோத்துக் கட்டுவார்கள். எல்லோரும் வலப்பக்கம் முறுக்குவார்கள். இது இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

ராட்கோ இடதுகைக்காரர்.

இருபது வருஷத் துரு. ஆனால் கம்பி அறுபடவில்லை. நட்டு அசையவில்லை. ஒருநாளும் அசைந்ததில்லை.

கமெனின் இன்ஜின். உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாக லூபென் சொன்ன அதே இன்ஜின், வேறொரு காரின் வயிற்றில்.

மேலே ஏறி வந்தார்.

"என் கம்பி அப்படியே இருக்கு, லூபென்."

லூபென் அடுப்பைப் பார்த்தபடி இருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த இன்ஜின யாருக்கு வித்த?"

"பேர்கூட ஞாபகம் இல்லடா. ராத்திரியோட ராத்திரியா எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"பிரேக்கா?"

லூபென் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பைப்ப சரியா முறுக்கல. அவசரம். எனக்கு அப்ப ரெண்டு கொழந்தைங்க, ராட்கோ. ஜெயில்ல போட்டிருப்பாங்க. உனக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

"தாங்கிக்கிட்டேன்," என்றார் ராட்கோ. "உன்னக் கடவுள்னு நெனச்சுக்கிட்டே தாங்கிக்கிட்டேன். அந்த அம்மா செத்த பிறகாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

ராட்கோ தன் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து போனார். அதற்குப்பின் அந்தப் பட்டறையில் கால் வைக்கவில்லை. வாரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஸ்பாஸ் சும்மா இருப்பானா?

லூபென் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. பேருந்தில்தான் போகிறார். இறக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாராம்.

இவ்வளவையும் ஏதோ மனப்பிரமை என்று நானும் தள்ளியிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை நடந்ததை ஸ்பாஸ் தனியாக என்னிடம் சொன்னான்.

ஸ்பாஸ் நெவேனாவிடம் கேட்டுக்கொண்டு, காரை லாரியில் கட்டி இழுத்து வந்து தன் கொட்டகையில் போட்டான். ராட்கோ இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். நான்கு பிஸ்டனும் துருவில் சிலிண்டர் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தன. இன்ஜினைச் சுற்றவைக்க ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். மயிரிழைகூட அசையவில்லை. அது பல வருஷமாகச் சுற்றாத இன்ஜின்.

நெவேனா அதில் ஒன்பது நாள் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள். கணவாயை இரண்டு தடவை ஏறியிருக்கிறாள்.

காற்று உள்ளே போகும் குழாயைத் திறந்தபோது வைக்கோல் வந்தது. எலிக்கூடு. உள்ளே கண் திறக்காத குஞ்சுகள், உயிரோடு.

ஸ்பாஸ் ஒரு துரும்பை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தான்.

"பெட்ரோல் வாசனையே இல்லண்ணே," என்றான்.