நான் கழுவிய இன்ஜின்

என் கணவர் மூன்று நாள் காய்ச்சலில் போனபோது அவருடைய டாக்ஸி தாராவியில் ஒரு பட்டறையில் பிரித்துப்போட்டபடி கிடந்தது. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், மழைக்காலம். பதிமூன்று நாள் காரியமும் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, மாடுங்காவில் எங்கள் கீழ்த்தள வீட்டில் நானும் எட்டாவது படிக்கும் என் பெண்ணும் மிஞ்சினோம். எனக்கு அழுகை வரவில்லை. "அழுதுடுடீ, அழுதாத்தான் மனசு ஆறும்" என்று மாடி வீட்டு மாமிகள் முறைபோட்டுக்கொண்டு வந்து சொன்னார்கள். வராததை எங்கிருந்து கொண்டுவருவது? ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாதம் வடித்தேன், பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டேன், தூங்கினேன்.

பாலக்காட்டிலிருந்து என் அண்ணா கடிதம் போட்டார். மாதக் கடைசியில் வந்து எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போவதாக எழுதியிருந்தார். பெண் படித்தவரை போதும், ஒரு வரன் கையில் இருக்கிறது என்றும் இரண்டு வரி. போனால் அவளுடைய படிப்பு அன்றோடு சரி. நான் மன்னியின் அடுக்களையில் ஒரு மூலை பார்த்து உட்காரலாம். போகாமல் இருக்க ஒரே வழிதான் இருந்தது, கார் ஓடவேண்டும். ஆண்டாப் ஹில்லில் ஒரு டிரைவர் தினவாடகைக்கு எடுத்து ஓட்டத் தயாராக இருந்தார். ஓடினால் வீட்டு வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் வந்துவிடும். ஓடாவிட்டால் பாலக்காடு.

அதனால் நானே பட்டறைக்குப் போனேன். வருஷம் திரும்பாதவள் வாசற்படி தாண்டுகிறாள் என்று மாடியில் முணுமுணுத்தார்கள். அவர்களா என் பெண்ணுக்குச் சம்பளம் கட்டப்போகிறார்கள்?

பட்டறைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். என் கணவருக்குப் பல வருஷப் பழக்கம். வீட்டில் அவரைப் பாய் என்றுதான் சொல்வோம். என்னைக் கண்டதும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். துக்கம் விசாரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"ரெண்டு வழி இருக்கும்மா" என்றார். "சண்டைக் காலத்துல பெட்ரோல் இல்லாம, பின்னாடி அடுப்பக் கட்டிக் கரிப்புகையில ஓட்டுனாருல்லா? அந்தத் தூசி உள்ள போயி நாலு சிலிண்டரையும் தின்னுட்டு. அதக் கடஞ்சு, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போட்டா ஓடும். செலவு கம்மி. இல்லேன்னா மிலிட்டரி டிஸ்போசல் ஏலத்துல எடுத்த ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒண்ணு இந்தா கெடக்கு. புதுசு மாதிரி. ஆனா வண்டியோட சட்டத்த வெட்டணும், ஒட்டணும். செலவு ரெண்டு மடங்கு."

மூலையில் தார்ப்பாயின் கீழ் அந்த ஆறு சிலிண்டர் கிடந்தது. என் கணவருக்கு அதன்மேல்தான் ஆசை. கண்டாலா மலை ஏற்றத்தில் பாதி வழியில் சவாரிக்காரர்களை இறக்கி நடக்கவிட்டு, காலி வண்டியை ஏற்றிக்கொண்டு போன அவமானத்தை அவர் மறக்கவே இல்லை. பெரிய இன்ஜின் போட்டால் பூனா வரைக்கும் மூச்சு வாங்காமல் போகும் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார். அதை நினைத்துப் பார்த்தேன். நினைத்தும் ஒன்றும் ஆகவில்லை.

"பெட்ரோல் ரேஷன் கூப்பன் எந்தக் கணக்கிலே வரும்?" என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். "அதக் கேட்டிய பாருங்க! வண்டிப் புத்தகத்துல பழைய இன்ஜின்தான் இருக்கு. மாசக் கூப்பன் அதுக்குத்தான். ஆறு சிலிண்டரு அத இருபது நாள்ல குடிச்சுப்போடும்."

"அப்போ நாலே போதும்" என்றேன். என் வளையல்கள் அதற்குத்தான் போயின. எப்படியும் நான் இனிமேல் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

கடைசல் முடிந்து சாமான்கள் வந்த அன்று தாராவியில் பேய்மழை. சாயங்காலம் பாய் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கே வந்துவிட்டார். "பட்டறைக்குள்ள முட்டளவு தண்ணிம்மா. நாலு சிலிண்டரும் இருக்க பிளாக்கும் கிராங்கும் ரெண்டு நாள் இங்க கெடக்கட்டும். கிராங்கத்தான் பத்திரமா பாக்கணும். முன்னமே ரெண்டு தடவ கடஞ்சாச்சு, இனிமே கடைய அதுல எடமில்ல. எண்ணெ தடவிச் சாக்கு சுத்தியிருக்கேன், பிரிச்சிராதிய." இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, அடுக்களையை ஒட்டி, பாத்திரம் கழுவும் மோரியில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.

நான் பிரித்தேன்.

ஏன் என்று கேட்டால், நாற்றம். பாத்திரம் கழுவும் இடத்தில், சாதம் வடிக்கும் அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, கறுப்பெண்ணெய் சொட்டிக்கொண்டு ஒரு மூட்டை. தீட்டுக் கழிந்த நாளிலிருந்து நான் கழுவிக்கொண்டேதான் இருந்தேன். தரை, சுவர், அரிசி டின், அவர் குடையின் கம்பி வரைக்கும் கழுவியாகிவிட்டது. கை சும்மா இருக்க மறுத்தது. மறுநாள் பெண் பள்ளிக்கூடம் போனதும் சாக்கை உருவிவிட்டு, புளியும் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்தேன். நாலு சிலிண்டருக்குள்ளும் கையை விட்டுத் தேய்த்தேன். வெண்கலப்பானை தேய்க்கிற மாதிரிதான். கிராங்க் என்கிற அந்தக் கோணல் தண்டில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன. இட்லித் தட்டின் துளைகளைக் குத்துவதுபோல ஒவ்வொன்றையும் ஈர்க்குச்சியால் குத்தி, சாம்பல் தண்ணீர் விட்டு அலசினேன். இரும்பு துருப்பிடிக்கும் என்பது எனக்கா தெரியாது? தோசைக்கல்லுக்குச் செய்வதுபோல நன்றாகத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. அந்த மாதத்தில் எனக்குக் கொஞ்சம் திருப்தி கொடுத்த ஒரே காரியம் அதுதான்.

பாய் வந்து பார்த்தவர், "என்னம்மா, கண்ணாடி கணக்கா இருக்கு!" என்றார். அப்போது மண்ணெண்ணெயும் ரேஷன்தான். கோர்க்கும் முன்னால் மண்ணெண்ணெய் விட்டு அலசவேண்டுமாம். இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து, அண்ணா வருவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரத்தில் அதை விட்டுவிட்டார். இரண்டு நாளில் கார் வாசலில் வந்து நின்றது. பூனை உறுமுகிற சத்தம். என் பெண் கைதட்டினாள். டிரைவர் ஓட்டிக்கொண்டு போனார், முதல் நாள் வாடகையும் வந்தது.

அதற்கு அடுத்த நாள் அண்ணா வந்து இறங்கினார். காரைப் பற்றிச் சொன்னேன். "ஓடட்டும், பாக்கலாம்" என்றார், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு. கார் ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள் மத்தியானம் இன்ஜினுக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் வந்து கார் நின்றுபோயிற்று. டிரைவர் பட்டறை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாராம்.

மறுநாள் காலையில் பாய் வந்தார். கையில் ஒரு துணி. அண்ணா கூடத்தில் ஊஞ்சலில் இருந்தார், நான் அடுக்களை நிலையருகே நின்றேன். பாய் வாசலிலேயே நின்று துணியைப் பிரித்தார். கிராங்கைத் தாங்கும் பேரிங்கின் துண்டுகள், அரைபட்டுக் கிழிந்தவை. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஈரப் பசை மாதிரி ஒன்று. அதை விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது: நான் குத்திக் கழுவிய துளைகளுக்குள் மிஞ்சிய அடுப்புச் சாம்பல். அவருக்கும் புரிந்துவிட்டது.

"என்னய்யா ஆச்சு?" என்றார் அண்ணா. "ஒரு பொம்மனாட்டி வளையலைக் கழட்டிக் குடுத்திருக்கா. மூணு நாள் ஓடலையே!"

நான் சொல்லியிருக்கவேண்டும். 'அது என் கையால் வந்தது' என்று நாலு வார்த்தை. சொன்னால் கார் போயிற்று, அண்ணா மறுநாளே பெட்டியைக் கட்டச் சொல்லுவார், என் பெண் வரன் வீட்டார் முன்னால் போய் உட்காருவாள். வாய் திறக்கவில்லை.

பாய் துணியை மடித்தார். "மண்ணெண்ண போட்டு அலசாமப் பூட்டிட்டேன் சாமி. தப்பு என்னுது. கிராங்கு போச்சு, இனி அது ஒண்ணுக்கும் ஆகாது. எங்கிட்ட இருக்க ஆறு சிலிண்டரப் போட்டுத் தாரேன். கூப்பன் மாசம் இருபது நாளைக்குத்தான் வரும், ஆனா வண்டி ஓடும். என் செலவு. பத்து நாள் குடுங்க."

"வேலை தெரியாட்டா கடையை மூடிட்டுப் போகணும்! திருட்டுப் பசங்களா இருக்கேள்!" அண்ணா ஊஞ்சலை விட்டு எழுந்து நின்று கத்தினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினார். பாய் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கோபம் தீர்ந்ததும் அண்ணா, அவன் செலவில் பெரிய இன்ஜினே கிடைக்கிறது, அப்புறம் என்ன, இருந்து பார் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ஜெயித்துவிட்ட முகம் அவருக்கு. இரண்டு நாளில் தனியாகவே ஊருக்கு ரயில் ஏறினார்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் வாசலுக்குப் போனேன். பாய் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"பிள்ள பள்ளிக்கூடம் போயிட்டாளாம்மா?"

"போயிட்டா" என்றேன்.

சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். தெருவில் அண்ணாவின் கூச்சலைக் கேட்டு நின்றவர்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது, காது மடல் வரைக்கும். என் கணவர் போன பிறகு எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது அன்றுதான். அது அழுகை இல்லை, வெட்கம்.