சாக்கில் இருந்த உப்பு

மரக்காணம் வீட்டு முன்புறப் புல்தரையைக் கீரைத் தோட்டமாக்கக் கிளம்பினேன். மண்ணைக் கொத்தவே வேண்டாமாம்; புல்லைச் சணல் சாக்கால் மூடி, மேலே மட்கிய எருவைப் பரப்பி விதைத்தால் போதுமாம். முதுகு வளையாத எனக்கென்றே கண்டுபிடித்த விவசாயம். அரிசிக் கடையில் வாங்கிய சாக்கை நனைத்ததும் ஒரு வாசனை எழுந்தது. காலமான அப்பா எதிரில் வந்து நின்றார்.

அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. அம்மா கீரை போட ஆசைப்பட்டபோது, "கொத்தினா அடியில இருக்கிற உப்பு மேல வந்துடும்" என்று தடுத்து, அவரும் இப்படித்தான் சாக்கு விரித்து விதைத்தார். அது உப்பளத்துச் சாக்கு என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றும் முளைக்கவில்லை.

"முளைச்சிருந்தா உப்பே போடாம கடைஞ்சிருக்கலாம்," என்றாள் அம்மா. அதன்பின் அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம், "பாத்தி பக்கம் போவாதீங்க, நீங்களும் உப்புதான்," என்பாள். அப்பா சிரித்துக்கொண்டே சுற்றிப் போவார்.

சாக்கை விரிக்கும்முன் அதன் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"என்னங்க, சாக்க நக்குறீங்க?" என்றாள் மனைவி.

"உப்பு இருக்குதான்னு பாக்குறேன்."

துளியும் இல்லை. கீரை நன்றாக வரும். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது.