பகலில் ஓடிய பேய்

அந்த விளையாட்டு ஏமாற்றுகிறது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். என் கணவருக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை, சலிப்புதான். "ஒரு கேமைக்கூட உன்னால சும்மா விளையாட முடியாதா?" என்றார். முடியாது. ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் உள் தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றிவிட எனக்கு வரவில்லை.

விளையாட்டுப் பெட்டி எங்களுக்குச் சும்மா வந்தது. அவருடைய அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்தோடு சென்னைக்கே திரும்பியபோது, எடுத்துப்போக இடமில்லை என்று கொடுத்துவிட்டுப் போனார். சும்மா வருகிற எதையும் நான் நம்புவதில்லை. எங்கேயாவது உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு விளையாட்டு. எதிர்காலத்து நகரம் ஒன்றில், சக்கரமே இல்லாத வண்டிகள் தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி பந்தயம் ஓடுகின்றன. பாதை கடலுக்கு மேலே போகிறது, கட்டடங்களுக்கு நடுவே நுழைகிறது, சில இடங்களில் தலைகீழாகவும் தொங்குகிறது. என் கணவர் ஒரு சனிக்கிழமை அதைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தார். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று சோபாவில் சாய்ந்துவிட்டார். அவர் கையில் இருந்த கன்ட்ரோலரை நான் வாங்கினேன். பிறகு திருப்பிக் கொடுக்கவில்லை.

பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் ஓடும் எல்.ஆர்.டி. ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. கூட்டமில்லாத நாளில் முன்கண்ணாடி அருகே போய் நின்றுகொள்வேன். பாதை நம் காலடிக்குள் வந்து புகுந்துகொண்டே இருப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன ஆசை. அந்த ரயிலுக்குப் பைத்தியம் பிடித்தால் எப்படி ஓடுமோ அப்படி இருந்தது இந்த விளையாட்டு. இடப்பக்கத்துக்கு ஒரு பிரேக், வலப்பக்கத்துக்கு ஒரு பிரேக். வளைவு கண்ணில் பட்ட பிறகு திருப்பினால் சுவரில்தான் முட்டும். கண்ணை இந்த வளைவில் வைக்கவே கூடாது, அடுத்த வளைவில் வைக்க வேண்டும், இந்த வளைவைக் கை பார்த்துக்கொள்ளும் என்பது எனக்குப் புரிவதற்குள் விரல்கள் மரத்துப்போயின.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வண்டி பாயும். ஆனால் திரையின் ஓரத்தில் இருக்கும் அதன் உயிர்க்கோடு குறையும். உயிர் குறைந்த நேரத்தில் சுவரை உரசினால் வெடித்துவிடும். வேகத்துக்கு உயிரிலிருந்து எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. இருந்தாலும் அழுத்தினேன். உண்மையைச் சொன்னால், அந்த வேகத்தில் போகும்போது மட்டும்தான் எனக்கு யார்மேலும் சந்தேகம் வருவதில்லை. அதற்கு நேரம் இருக்காது.

ஏமாற்று என்று சொன்னேனே, அது இதுதான். எவ்வளவு முந்திப் போனாலும் மற்ற வண்டிகள் கடைசி வளைவில் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றன. ஒருநாள் வேண்டுமென்றே மெதுவாகப் போய்ப் பார்த்தேன். அவையும் மெதுவாகப் போயின. யாருக்குக் காது குத்துகிறார்கள்? அன்றோடு பந்தயத்தை விட்டுவிட்டுத் தனி ஓட்டத்துக்கு மாறினேன். அதில் வேறு வண்டியே கிடையாது. நானும் கடிகாரமும்தான். நம்முடைய மிகச் சிறந்த ஓட்டத்தை விளையாட்டு ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதை ஒரு வெளிறிய வண்டியாக நமக்கு முன்னால் ஓடவிடும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே பேய்தான். என் பேயை நான் துரத்துவேன். அதில் யாரும் யாரையும் ஏமாற்ற வழியில்லை என்று நினைத்தேன்.

எனக்குப் பிடித்த பாதையில் ஓரிடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் நீண்ட வளைவு, பத்திரமானது. நேரே போனால் பாதை அறுந்திருக்கும். விளிம்பிலிருந்து பாய்ந்தால் கீழே ஓடும் பாதையில் போய் விழலாம், குறி தப்பினால் கடலில் விழலாம். நான் என்றைக்கும் வளைவில்தான் போவேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் பேய் வளைவுக்குத் திரும்பாமல் நேரே விளிம்புக்குப் போனது. அங்கே லேசாக முன்னால் நகர்ந்தது, பின்வாங்கியது, வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு ஒரே பாய்ச்சலாகக் கீழே போய்விட்டது. நான் கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டுத் திரையையே பார்த்தேன். அது நான் ஓட்டிய ஓட்டம் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், வீடியோ கேம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "அந்த கோஸ்ட் சும்மாலாம் வராது லா அக்கா. யாராச்சும் கையில பிடிச்சு ஓட்டினாத்தான் சேவ் ஆகும்" என்றாள். தானாக மாற வாய்ப்பே இல்லையா என்று மறுபடி கேட்டேன். "உங்க வீட்ல யாரு பிளே பண்றாங்கன்னு கேளுங்க. சிம்பிள் லா" என்றாள்.

அவளுக்கு அது எளிது. என் தொழிலில் முதலில் ஆதாரம், அப்புறம்தான் கேள்வி. முதலிலேயே கேட்டுவிட்டால் ஆள் உஷாராகிவிடுவார். அதனால் கேட்கவில்லை. வீட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பேய் நாளுக்கு நாள் வேகமாகிக்கொண்டே போனது. ஆனால் வார நாட்களில் மட்டும். சனி, ஞாயிறு அது மாறவே இல்லை. அதாவது, நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் யாரோ வீட்டில் இருக்கிறார்கள். வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் ஒரு சாவி உண்டு. அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் பட்டப்பகலில் பூட்டைத் திறந்து வந்து என் சோபாவில் உட்கார்ந்து பந்தய வண்டி ஓட்டுவதைக் கற்பனை செய்து பார்த்தேன். பொருந்தவில்லை. அப்புறம் பிரெட். வெள்ளிக்கிழமை வரை வரவேண்டிய பாக்கெட் புதன்கிழமையே தீர்ந்துபோனது. என் வீட்டில் யாருக்கோ சாப்பாடு நடக்கிறது.

இதற்கு மேல் என் புத்தி எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டில், என் பிரெட்டைத் தின்றுகொண்டு, என்னைவிட நன்றாக வண்டி ஓட்டும் ஒருத்தி. இந்தக் கடைசி விஷயம்தான் அதிகமாக வலித்தது என்றால் சிரிப்பீர்கள்.

கணவரிடம் தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்பேன். "மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"கேன்டீன்ல மீ கோரேங். இன்னைக்கு உறைப்பு ஜாஸ்தி."

மறுநாள், "சிக்கன் ரைஸ். ஒரே கூட்டம், உக்காரவே இடமில்ல" என்பார்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்பவர்களை எனக்கு வேலையில் நிறையத் தெரியும். பொய்தான் தனியாக நிற்கப் பயந்துகொண்டு துணைக்கு ஆள் கூட்டிவரும். சரி என்று தலையாட்டிவிட்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவேன். அந்த நாட்களில் எனக்கு அவரைப் பார்த்தாலே பயமாக இருந்தது. எங்கள் கல்யாணமே இதில் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு, சிராங்கூன் சாலையைக் கடக்க இருவரும் நின்றோம். வேலையாட்களின் விடுமுறை நாள், சாலையோரம் முழுக்கத் தலைகள். பச்சை விழுந்தது. என் கணவர் ஒரு காலை எடுத்து வைத்தார், பின்னால் இழுத்துக்கொண்டார், வலப்பக்கம் சாய்ந்து பார்த்தார், பிறகு என்னை விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாலையைக் கடப்பது இப்படித்தான். எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். விளிம்பில் அந்தப் பேய் முன்னால் நகர்ந்து, பின்வாங்கி, வலப்பக்கம் சாய்ந்ததை நான் எத்தனை சாயங்காலம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு விளக்கு சிவப்பாகிவிட்டது. எதிர்ப்பக்கம் அவர் மீன் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

வேறொருத்தி இல்லை. அவர்தான். காலையில் பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்புகிறவர், நான் போனபின் திரும்பி வருகிறார். வேலை இல்லை. அதை என்னிடம் சொல்லவில்லை. அந்த இரண்டாவது விஷயம்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. நிரந்தரவாசத்துக்கான பி.ஆர். கிடைத்துவிட்டதால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிய பயம் எங்களுக்கு இல்லை. பிறகு எதற்கு இந்த நாடகம்?

ஆதாரம் கைக்கு வந்தபின் கேள்வி கேட்பதுதான் முறை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்பேன், அவர் இன்னொரு பொய் சொல்வார், அது பொய் என்று நான் காட்ட வேண்டியிருக்கும். அப்படிப் பிடிபடும்போது ஒரு மனிதரின் முகம் எப்படிப் போகும் என்பதை வேலையில் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் அவர் வாழைப்பழம் வாங்கக் கீழே போனார். வாயால் கேட்க முடியாததை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கலாம் என்று நான் விளையாட்டைப் போட்டேன். அந்தப் பாதையில் இருந்த பதிவை அழித்தேன். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று திரை கேட்டது, ஆமாம் என்றேன். பிறகு வண்டியை எடுத்தேன். வளைவுக்குத் திரும்பவில்லை. நேரே விளிம்புக்குப் போய் நிறுத்தினேன். கீழே கடல். வண்டி மிதந்தபடி நின்றது, மேலே கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு வேகத்துக்காகவே செய்த விளையாட்டில் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. விரல் தானாகப் பொத்தானைத் தேடியது. வெளியே லிஃப்ட் சத்தம் கேட்கும்வரை நின்றேன். பிறகு பாய்ந்தேன். கீழே சுவரில் உரசி, எப்படியோ முடிவுக் கோட்டைத் தொட்டேன். வேறு பதிவே இல்லாததால் அந்தக் கேவலமான ஓட்டத்தைப் புதிய சாதனை என்று பாராட்டி, விளையாட்டு அதைப் பேயாக வைத்துக்கொண்டது. கதவு திறக்கும்போது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு பக்கம்கூடப் படித்து முடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். வந்திருந்தார் என்ன, போகவே இல்லை. பனியன், லுங்கியோடு சோபாவில் இருந்தார். திரையில் அந்த விளிம்பு. என் வெளிறிய வண்டிக்குப் பக்கத்தில் அவருடைய வண்டியும் நின்றுகொண்டிருந்தது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்திருந்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றார்.

"நேத்து தேக்காவுல நிச்சயமாச்சு. சந்தேகம் முதல் நாள்லேர்ந்தே."

தலையை ஆட்டினார். அவருடைய பிரிவையே மூடிவிட்டார்களாம். "உனக்கு இயர் எண்ட் ஆடிட் நடந்துச்சு. அது முடியட்டும்னு பார்த்தேன். அப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்தே சொல்லியிருக்கணுமேன்னு தோணும். அதனாலயே அன்னைக்கும் சொல்ல முடியாது." காலையில் நூலகம், வேலைக்கு விண்ணப்பம், மதியத்துக்கு வீடு. விண்ணப்பங்களுக்குப் பதில் வராத மதியங்களில் இந்த வண்டி.

"தலை சுத்தலையா?"

"முதல்ல சுத்துச்சு. அப்புறம் அதுவே பரவால்லன்னு ஆயிடுச்சு. அந்த நேரத்துல வேற எதுவும் ஞாபகம் வராதுல்ல."

எனக்கு அது தெரியும் என்று சொல்லவில்லை. கோபமாக இருந்தேன். அவர் திரையைப் பார்த்தபடி சொன்னார். "அந்த ரெக்கார்டை அழிக்க எனக்குத் தெரியாதா? தினமும் அழிச்சிட்டுப் போயிருக்கலாம். வேணும்னேதான் விட்டுவெச்சேன். ஊசி விழுந்தாக்கூட என்ன சத்தம்னு கேக்கிறவ நீ. எப்படியும் கண்டுபிடிச்சுக் கேட்ருவ, கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

இதை நம்புவதா என்று யோசித்தேன். பிடிபட்ட பிறகு இப்படி ஒரு பதிலை யார் வேண்டுமானாலும் தயார் செய்துவிடலாம். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் தோன்றியது. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் நின்றேன். பிறகு தினமும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"பிரெட்."

"வெள்ளிக்கிழமை?"

"பிரெட்தான்."

காத்திருந்தேன். உறைப்பு, கூட்டம் என்று வேறெதுவும் சேர்க்கவில்லை. யாருக்கோ சாப்பாடு நடக்கிறது என்று நான் அத்தனை நாள் எண்ணிய பிரெட்டை இவர் தனியாக உட்கார்ந்து தின்றிருக்கிறார். உள்ளே போய் அரிசியைக் களைந்து குக்கரில் வைத்தேன். திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் இரண்டு வண்டிகளும் அப்படியே நின்றன.

"நாளைக்கும் கேப்பேன்" என்றேன்.

"கேளு" என்றார்.