இறந்தவரைக் கேட்டு வந்த போன்கள்

முதல் போன் வந்தபோது நான் ஷெட்டில் உப்பு பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஆண் குரல் என் கணவரின் பெயரைச் சொல்லி, அவரிடம் கொடுங்கள் என்றது.

"அவர் இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

"இறந்துட்டாருங்க. ஆறு வருஷம் ஆச்சு."

 அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. வட்டி, அபராதம் எல்லாம் சேத்து முப்பத்தோராயிரம் பாக்கி இருக்குது. அவர எங்க ஒளிச்சி வச்சிருக்க?"

மரியாதை போய் 'வச்சிருக்க' என்று மாறியதுதான் முதலில் சுருக்கென்றது. தொகை அப்புறம்தான் உறைத்தது.

அது ஒரு பிரிட்ஜுக்கான கணக்கு. என் கணவர் உப்பளத்தில் மோட்டார் ஓட்டி, பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கும் வேலை பார்த்தார். சர்க்கரை முற்றி இன்சுலின் போடவேண்டி வந்தது. ஈர மணல் நிரப்பிய சட்டியில் மருந்தை வைத்துப் பார்த்தோம். மரக்காணம் வெயிலுக்கு அது தாங்கவில்லை. பாண்டியில் ஒரு கடைக்காரர் தன் கடைக் கணக்கிலேயே பிரிட்ஜைத் தவணைக்குக் கொடுத்தார். பதினெட்டு மாதத்தில் பதினாலு மாதம் கட்டியிருந்தோம். அதற்குள் காலில் வந்த புண் ஆறாமல் போய், அவரும் போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் நானே இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் ஒரு ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் வைத்தார். "ஆளே இல்லன்னா மிச்சம் தள்ளுபடிம்மா. நீங்க தைரியமா போங்க" என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிளஸ் டூ படித்தவள்தான் நான். ஆனாலும் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் தினம் பத்துப் பன்னிரண்டு போன்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு முறையும் வேறு ஆள். ஒவ்வொருத்தரும் புதிதாக அவர் எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் நான் அவர் இறந்துவிட்டார் என்று சொல்லவேண்டியிருந்தது. அவர் செத்த அன்றுகூட அந்த வார்த்தையை நான் அத்தனை தடவை சொல்லவில்லை. பாண்டிக்குப் போய்ப் பார்த்தால் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக்கடை இருந்தது. பழைய கணக்குகளை ஏதோ ஒரு வசூல் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள்.

பிரிட்ஜ் வாங்கியபோது எழுதிய படிவத்தில் இரண்டாவது நம்பராக என் மகளுடையதைக் கொடுத்திருந்தோம். இப்போது அவள் வானூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மருமகள். அவளுக்கு வந்த போனை மாமியார் எடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"சம்மந்தி, உங்க ஊட்டுக்காரரு பிராடு பண்ணிட்டு ஓடிட்டாருன்னு ஒருத்தன் சொல்றான். இன்னா இது?"

"அவர் செத்தது உங்களுக்கே தெரியுமே சம்மந்தி. படத்துக்கு மாலை போட்டுத்தானே கல்யாணம் பண்ணோம்."

"தெரியுது. ஆனா ஊர்ல நாலு பேரு கேப்பாங்க இல்ல."

 பின்னால் மகள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தை மூடிவிட்டார்கள். ஷெட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. அந்த மழையில் ஒருத்தன் பைக்கில் வந்து வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி என் கணவரின் பெயரைக் கூப்பிட்டான். சான்றிதழை நீட்டினேன். "இத எந்தக் கடைலயும் அடிச்சித் தருவான்" என்று திருப்பித் தந்தான். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது.

"இன்னிக்கு எட்டாயிரம் குடு. மகளுக்குப் போன் போகாது. நான் கேரண்டி."

என் தாலியிலிருந்து கழற்றி வைத்த இரண்டு குண்டும் ஒரு காசும் துணியில் முடிந்து அரிசி டப்பாவில் கிடந்தன. அவன் வாசலிலேயே காத்திருந்தான். நான் நனைந்துகொண்டு அடகுக்கடைக்கு ஓடி, வைத்துப் பணம் வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தேன். ரசீது கேட்டேன். போனில் மெசேஜ் வரும் என்றான்.

வரவில்லை. நாலாம் நாள் வேறொருத்தி பேசினாள். "எட்டாயிரமா? யாருகிட்ட குடுத்தீங்க? அவன் எங்க ஆளே இல்லம்மா. முப்பத்தோராயிரமும் அப்படியேதான் இருக்குது."

கழிவெளி ஏரிப் பாலத்தில் போய் வெகுநேரம் நின்றேன். தண்ணீர் கரை தொட்டு ஓடியது. அங்கே நின்று என்ன நினைத்தேன் என்பதை எழுதப்போவதில்லை. ஷெட்டில் என்கூட வேலை செய்கிற கிறிஸ்தவப் பெண் ஒருத்தி ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்து இறங்கி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா இங்க நிக்கற?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் நடுரோட்டில் சொல்லி அழுதேன்.

மறுநாள் அவளே கூலியை விட்டுவிட்டு என்னைத் திண்டிவனம் கோர்ட்டில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்கு அழைத்துப் போனாள். என் மகள் வயதில் ஒரு வக்கீல் பொண்ணு உட்கார்ந்திருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வக்கீல் வாங்கி ஸ்பீக்கரில் போட்டது.

"அவர் இறந்துட்டாரு. நான் இவங்க வக்கீல். ஒரிஜினல் அக்ரிமெண்ட்ட அனுப்புங்க. உங்க கம்பெனி பேரு, விலாசம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

லைன் கட்டானது.

"இவ்ளோதாம்மா. புருஷன் வாங்குன கடனுக்கு உங்க கையெழுத்து இல்லன்னா உங்கள மிரட்ட இவங்களுக்கு உரிமை கிடையாது" என்றது. போன் வந்த நம்பர்களுக்கெல்லாம் அனுப்ப ஒரு நோட்டீஸ் எழுதியது. போலீஸில் கொடுக்க ஒரு மனுவும் எழுதியது. எட்டாயிரம் பற்றிக் கேட்டேன். அது தலையைக் குனிந்துகொண்டு, "பாக்கலாம்மா" என்றது.

போன்கள் ஒரேயடியாக நிற்கவில்லை. குறைந்து குறைந்து, தை மாதத்தில் நின்றன. அக்ரிமெண்ட் கடைசிவரை வரவில்லை. பைக்கில் வந்தவன் கிடைக்கவில்லை. அடகில் வைத்ததை என்னால் மீட்க முடியவில்லை. மூணு மாதக் கெடு முடிந்ததும் ஏலத்துக்குப் போய்விட்டது.

மாசியில் மகளுக்கு வளைகாப்பு. பந்தியில் நிறைய பேர் உட்கார்ந்திருக்கும்போது அவள் மாமியார் என்னிடம், "அந்தக் கடன் ஒரு வழியா முடிஞ்சிதா சம்மந்தி?" என்று கேட்டார்.

"அவரு இருந்த வரைக்கும் ஒரு தவணகூடத் தப்பல சம்மந்தி. அவர யாரும் பிராடுன்னு சொல்லக் கூடாது" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்தவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அடுத்த இலைக்குப் போனார். மகள் மட்டும் கை நிறைய வளையலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.