மரியம்மாள் சொல்லும் புயல்

செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிய கையோடு, மீனின் கண்ணையும் நம் பக்கம் திருப்பிவிடுவார் மரியம்மாள். "பாருமா, உன்னியே பாத்துக்கினு இருக்குது. இதப் போயி பழசுன்றியே!" காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் சாலையோரம் அவருடைய மீன்கடை. வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கோயில் ஊரில் மீன் வாங்க ஆளிருக்காது. அன்றைக்கும் வந்து உட்கார்ந்திருப்பார். "வூட்ல இருந்தா யார்கிட்ட பேசறது?"

பேச்சு எங்கே தொடங்கினாலும் அவர் பிறந்த தீவில் போய் நிற்கும். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் கூனந்திட்டு. "ரொம்ப அழகா இருக்குமோ?" என்று யாராவது கேட்டால் சிரிப்பார். "கொசுதான்பா அழகு. குடிக்கிற தண்ணிக்கே படகுல போவணும்." இப்போது அங்கே ஒரு குடும்பமும் இல்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "புயல் அடிச்சுது, வந்துட்டோம்."

மழை பிடித்துக்கொண்டு வியாபாரமே இல்லாத ஒரு மதியம், என்னிடம் மட்டும் வேறு கதை சொன்னார். ஏரி கடலோடு சேரும் வாயை ஆண்டுதோறும் மணல் மூடும். ஊரே திரண்டு போய் வெட்டித் திறக்கும். அந்த வழியாகத்தான் இறால் உள்ளே வரும். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் அடித்துக்கொண்ட வருஷம், மணல் வெட்ட யாரும் போகவில்லை. இறால் வரவில்லை. பட்டினி தாங்காமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது.

"மணல் வெட்டப் போவாதீங்கன்னு எங்க தெக்குத் தெருவத் தடுத்ததே எங்கப்பாதான். இத எப்டிபா வெளிய சொல்றது?"

போன மாதம் ஒரு பெண்ணிடம் அவர் புயலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மீனுக்காக நின்றிருந்தேன். ஏசி மெக்கானிக் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவரைப் பார்த்ததும் மரியம்மாளின் பேச்சு பாதியில் நின்றது. கூனந்திட்டின் வடக்குத் தெரு அந்தோணி. ஊரைவிட்ட பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் அந்தோணிக்கு அப்படியே அவர் அப்பாவின் முகம்.

"அப்புறம் என்னாச்சு?" என்றார் அந்தப் பெண்.

மரியம்மாள் குனிந்து மீனின் செதிலைச் சுரண்டத் தொடங்கினார்.

"பெரிய புயலுமா," என்றார் அந்தோணி. "ஒண்ணும் மிஞ்சல."

அந்தப் பெண் போனதும் மரியம்மாள் மெல்லத் தொடங்கினார். "எங்கப்பா அன்னிக்கு..."

"எங்கப்பா மட்டும் என்னவாம்க்கா? எங்க தெரு ஆளுங்க மம்பட்டிய எல்லாம் வாங்கி உள்ள வச்சிப் பூட்டினதே அவருதான்."

மரியம்மாள் காலியாகக் கிடந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார். முந்தானையால் அதன் முதுகைத் துடைத்து, அந்தோணியின் பக்கமாக நகர்த்தினார்.