காப்பு கட்டாத கை

கொடியேற்றத்தன்று என் கணவர் எல்லோரோடும் வரிசையில் நின்று, வலது கையை நீட்டிக் காப்பு கட்டிக்கொண்டார். நான் பெண்கள் பக்கத்தில் பூத்தட்டோடு நின்றேன். நான் பார்த்தபோது பூசாரி மஞ்சள் கயிற்றை முடிச்சுப் போட்டு, நெற்றியில் திருநீறு வைத்து, அடுத்த ஆளிடம் போய்விட்டிருந்தார். வருகிற புதன்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மகளும் விமானம் ஏறுவதாக இருந்தோம். தீமிதி அதற்குப் பிறகு வருகிற ஞாயிறு. காப்பு கட்டியவர் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும்வரை அம்மனின் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

ரந்தாவுக்குப் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று வாய்க்கு வந்துவிடுகிறது, கம்பெனியுடையது. அப்பாவும் அம்மாவும் ரப்பர் பால்மரம் சீவியது அங்கேதான். இப்போது முழுக்கச் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து வருடங்கள் ஆகிவிட்டன. கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவில் நிற்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ராசா, மம்பாவ் என்று பக்கத்து ஊர்களிலிருந்து காரும் மோட்டாருமாக வந்து இறங்கி, எல்லோரும் திரும்பவும் தோட்டத்து ஆட்களாகிவிடுவோம்.

நான் தாதி வேலைக்கு அயர்லாந்து போனவள். என் கணவர் அந்த ஊர்க்காரர், பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் வேலைக்குப் போகிற பஸ். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகும்வரை அங்கேயே இருந்தோம். இருந்தோம் என்றால், அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், நான் புலம்பிக்கொண்டிருந்தேன். மழை, குளிர், சாயங்காலம் ஆகுமுன்பே இருட்டிவிடுகிற வானம், எதைப் பார்த்தாலும் எரிச்சல். ஊருக்குப் போவோம், ஊருக்குப் போவோம் என்று அந்த மனுஷனின் உயிரை வாங்கினேன். கடைசியில் அவர் வேலையை விட்டார், வீட்டைக் காலி செய்தார், வந்தோம். மம்பாவில் ஒரு வாடகை வீடு, சிரம்பானில் ஒரு கிளினிக்கில் எனக்கு வேலை, மகளுக்குத் தமிழ்ப்பள்ளி.

வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, எனக்கு மறுபடியும் இருப்புக் கொள்ளவில்லை. வெயில் பிடிக்கவில்லை. கிளினிக்கில், “ஒங்க பேச்சே மாறிப்போச்சு சிஸ்டர்” என்கிற கிண்டல் பிடிக்கவில்லை. பாசாரில் மீன் வாங்கப் போனால், என் பின்னால் வருகிற வெள்ளைக்காரரைப் பார்த்துவிட்டு மீன்காரன் விலையை ஏற்றுவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “ஒனக்கு எப்பவும் ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு,” என்பார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஆனால் எனக்காகத் திரும்பிப் போகிறோம் என்று நான் சொல்லவில்லை. அவருக்காக என்றேன். காரணமும் கையில் இருந்தது. மனைவி உள்ளூர், கணவர் வெளிநாடு என்பதால் அவர் தங்க அனுமதிக்கிற ஒரு பாஸில்தான் இங்கே இருக்கிறார். அது முடிகிறபோதெல்லாம் குடிநுழைவு அலுவலகத்தில் நான் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். வேலை செய்வதற்குத் தனியாக அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒற்றைக் கையால் வளைத்தவர் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. முதன்முதலாக அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன அன்று, எதிரே சைக்கிளில் வந்த ஒரு தாத்தா இவரைப் பார்த்ததும் இறங்கி ஓரமாக நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் மேனேஜர் தொரை வந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். வெள்ளைக்காரத் தொரைமார்கள் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, தாத்தாவின் கால் மறக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “தாத்தா, இவரு தொரை இல்ல, பஸ் டிரைவரு. நீங்க ஏறிப் போங்க,” என்றேன். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் கணவரின் முகம் சிவந்துபோனது. அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் எதிரே வந்தாலும் அவர்தான் முதலில் ஒதுங்கி நின்று கும்பிடுவார். இந்த மண்ணில் இவரை மனுஷராக நடமாட விடமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அவர் என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தார். என் அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். அதில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊரைச் சுற்றுவார். பார்க்கிறவர்களிடமெல்லாம், “என்னாண்ணே, சாப்ட்டாச்சா?” என்பார். இதெல்லாம் வெளிப்பூச்சு, உள்ளுக்குள் வாடுகிறார் என்று நானே முடிவு கட்டினேன். அயர்லாந்தில் நான் வேலை பார்த்த பழைய மருத்துவமனையில் கேட்டேன், வா என்றார்கள். டிக்கெட் எடுத்தேன். “உன் விருப்பம்,” என்றார் கணவர். அண்ணன்தான் கோயில் தலைவர். திருவிழா வேலையில் ஓடிக்கொண்டிருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அப்போதுதான் காப்பு.

பாவம், விவரம் தெரியாத மனுஷர், எவனோ கையை நீட்டு என்றிருப்பான், நீட்டிவிட்டார் என்று நினைத்தேன். கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சாமி பயமா, அண்ணன் பயமா தெரியவில்லை, அதற்குத் துணிச்சல் வரவில்லை. நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அவருக்கு எதுக்குக் காப்பு கட்டுனீங்க? அவருக்கு என்னா தெரியும்?”

“மாப்ளதானே வந்து நின்னாரு. நல்லதுதானேலா. ஏன் கத்துற?”

“நாங்க பொதன்கெழம பொறப்படுறோம்.”

“எங்க, கேஎல்லுக்கா?”

“அயர்லாந்துக்கு. திரும்பிப் போறோம்.”

சுருட்டுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். “பாப்பாவுமா?” என்று மட்டும் கேட்டார். என் மகளைத்தான் கேட்டார்.

“பின்ன, அவள விட்டுட்டா போவேன்? நீங்க எல்லைய கொஞ்சம் தள்ளி வைங்க. மத்தவங்களுக்கெல்லாம் வைக்கலியா?”

எங்கள் எல்லைக் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். நான் சிறுமியாக இருந்தபோது எல்லை என்பது ஆற்றுப் பாலம். லயத்தை இடித்ததும் சனமெல்லாம் ராசா, மம்பாவ் என்று போய்விட்டது. காப்பு கட்டியவன் தன் வீட்டுக்கே போக முடியாது என்றால் எப்படி? அம்மன் முன்னால் பூ போட்டுக் கேட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கண்ணை மூடி ஒரு குழந்தை எடுத்தது வெள்ளை, அதாவது உத்தரவு. எல்லை சிரம்பான் வரைக்கும் போனது. பிறகு பிள்ளைகள் நீலாய்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். மறுபடியும் பூ, மறுபடியும் வெள்ளை. நெடுஞ்சாலை டோல் சாவடி ஓரமாக லாரியை நிறுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவிப் புது எல்லை வைத்தவர் என் அண்ணன்தான். சாவடியில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. தலைநகர் கேஎல்லில் வேலை செய்கிறவர்களுக்காக இன்னொரு தடவை. எங்கள் அம்மன் ஒரு தடவைகூடச் சிவப்பு கொடுத்ததில்லை. அப்படியிருக்க, எனக்கு மட்டும் மாட்டேன் என்பாளா என்று நினைத்தேன்.

“கேக்கலாம்,” என்றார் அண்ணன். “அயர்லாந்து வரைக்கும்கூட கேக்கலாம். ஆனா கட்டுனவரு வாயால கேக்கணும். அவருக்காக நீ கேக்க முடியாது. எல்லாருக்கும் அப்படித்தான் செஞ்சோம்.”

இவ்வளவுதானா என்று கணவரைத் தேடிப் போனேன். கோயிலுக்குப் பின்னால், குழாயடியில் பெரிய அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினாள். அவள் இடது கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. எங்களுக்குள் பேச்சு ஆங்கிலம்தான். நினைவில் நிற்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

“உங்கள் கையில் இருப்பது என்னவென்று தெரியுமா?”

“காப்பு,” என்றார். அதை மட்டும் தமிழில்.

“அதோடு புதன்கிழமை போக முடியாது. அண்ணனிடம் வந்து ஒரு வார்த்தை கேளுங்கள், எல்லையைத் தள்ளி வைப்பார்கள்.”

“தெரியும். லாரியில் போகும்போது உன் அண்ணன் எல்லாம் சொன்னார். டோல் சாவடியைக்கூடக் காட்டினார்.”

“தெரிந்தா கட்டிக்கொண்டீர்கள்?”

“தெரிந்துதான்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. போக விருப்பமில்லை என்று முன்னாலேயே சொல்வதற்கு என்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். அதைத் தமிழில்தான் கேட்டேன். ஆங்கிலத்தில் வேகம் போதவில்லை.

அர்த்தம் புரிந்ததோ என்னவோ, அவர் மெதுவாகச் சொன்னார்: “எனக்காகப் போகிறோம் என்று சொன்னாய். நான் எப்போதாவது கேட்டேனா?”

“இங்கே உங்களுக்கு வேலை இல்லை. உட்கார்ந்து துணி மடிக்கிறீர்கள்.”

“அங்கேயும் நான்தான் மடித்தேன். நீ கவனிக்கவில்லை.”

அவர் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மகளைத் தண்ணீர் வாளியோடு கொட்டகைக்கு அனுப்பினார். “போவோம். குளிர்காலம் வரும். ஊருக்குப் போக வேண்டும் என்று நீ மறுபடியும் அழுவாய். நான் கிளம்பிவிடுவேன், எனக்குப் பழகிவிட்டது. மகளை இன்னொரு தடவை வேரோடு பிடுங்க என்னால் முடியாது. இப்போதுதான் பள்ளியில் ஒரு பெண் அவளோடு சாப்பாட்டைப் பங்கு போடுகிறாள்.”

“அப்படியென்றால் நான்?”

“நீ போ. போய் இருந்து பார்த்துவிட்டு வா. நாங்கள் இங்கே இருப்போம். பாஸ் முடிகிறபோது மட்டும் வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். நீ இல்லாமல் தரமாட்டார்கள்.”

குத்தலாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. நான் எழுந்தால் எழுந்து, நடந்தால் பின்னால் வந்த மனுஷர், இந்தத் தடவை வரமாட்டேன் என்கிறார். பயத்தில் அழுகை வந்தது. அண்ணி பார்த்துவிடப் போகிறாரே என்று குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன்.

வீட்டுக்கு வந்தோம். பெட்டியை எடுத்து விரித்தேன். என் துணியை மட்டும் அடுக்கினேன். எடுத்தேன். மறுபடியும் அடுக்கினேன். மகளுக்கு அப்பாவே எல்லாம் சொல்லிவிட்டார். அவள் பெட்டியைச் சுற்றி நடந்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமை அண்ணி போன் செய்தார்.

“நாளைக்குக் கோயில்ல கூழு. வெங்காயம் உரிக்க ஆளு பத்தல. வர்றியா, பிளேன் ஏறுறியா? சொல்லிட்டா நான் வேற ஆளு பாப்பேன்.”

“தெரியல அண்ணி.”

“தெரியலன்னா வெங்காயம் உரிக்க வா,” என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். பெட்டி காரின் பின்னால் இருந்தது, பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது. பெட்டியைக் காரில் ஏற்றும்போது கணவர் பார்த்தார். கொட்டகையில் அண்ணியோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். இப்போது கிளம்பினால்கூட விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு கை வெங்காயம் உரித்ததும் திரும்பவும் அதே கணக்கு. அந்தப் பக்கம் கணவர் நாலைந்து ஆண்களோடு சேர்ந்து விறகு சுமந்தார். யாரோ எதையோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவரும், புரிந்தோ புரியாமலோ, சிரித்தார். சைக்கிள் தாத்தா கட்டையைத் தூக்கி அவர் தோளில் வைத்து, “பாத்து, பாத்து,” என்றார்.

கணக்குப் போட ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு, செம்பனைக்கு மேலே சத்தம் கேட்டது. விமான நிலையம் பக்கம்தான் என்பதால் அடிக்கடி கேட்கிற சத்தம். மகள் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தாள்.

“அம்மா, அது நம்ம பிளேனா?”

தமிழில்தான் கேட்டாள், அண்ணன் பிள்ளைகள் பேசுகிற அதே இழுப்போடு.

“ஆமா.”

“அது பாட்டுக்குப் போவுதுலா,” என்றாள். பிறகு விறகு பக்கம், அப்பாவிடம் ஓடிவிட்டாள்.

அண்ணி என் கையைப் பார்த்தார். “நீயும் ஒண்ணு கட்டிக்கயேன். பூசாரிகிட்ட கயிறு இருக்கு. நேரம் ஒண்ணும் போயிடல.”

“வேணாம் அண்ணி. கட்டாமயே இருந்து பாக்குறேன்.”

கார்ச் சாவி என் மடியில் கிடந்தது. எல்லையைத் தாண்ட எங்கள் மூன்று பேரில் எனக்கு மட்டும் தடை இல்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. அண்ணி இன்னொரு கூடையை என் பக்கம் தள்ளினார். எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.