வலது கால் இங்கிலாந்தில், இடது கால் ஆம்பூரில்

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஆம்பூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை எஸ்தர் போன் செய்து, "அண்ணா, அவர் வர்றாரா இல்லையான்னு கேட்டா, லைன் சரியில்லன்றாரு. நீ நேர்ல போய்க் கேளு. நேர்ல லைன் கட்டாகாது" என்றாள். அவர் என்பது அவளுடைய கணவர் சாமுவேல். எஸ்தர் போய் இது மூன்றாவது வருடம். சாமுவேலுக்கும் இப்போது விசா வந்துவிட்டது. வந்த அதே வாரத்தில், அவரை வெளியே அனுப்பியிருந்த பழைய ஷூ கம்பெனி, திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டது.

ஆம்பூருக்கு நேரடி ரயில் உண்டு. எனக்கு இடம் கிடைக்கவில்லை. சென்ட்ரலிலிருந்து காட்பாடி வரை 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 95 ரூபாய். அங்கிருந்து வேலூர் புதிய பேருந்து நிலையம் 15 ரூபாய். வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 48 ரூபாய். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் கன்னத்தில் அடிக்கும் என்று எழுத நினைத்தேன். இடது பக்கமும் அடித்தது. விரிஞ்சிபுரம் தாண்டும்போது, வழக்கமாக மணலாகவே கிடக்கும் பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். எதிரில் வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அங்கே பார்க்க வேண்டிய இடம்தான்.

இந்தப் பயணத்துக்கு முன்கதை கொஞ்சம் தேவை. சாமுவேலின் கம்பெனி தைத்த ஷூக்கள் முன்பெல்லாம் இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் இறங்கும். அங்கிருந்தே அயர்லாந்து, ஜெர்மனி கடைகளுக்கும் போகும். வரி ஒரே தடவை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், அதே ஷூ அதே கடலைத் தாண்டினால் மறுபடி வரி. வாங்குகிறவர் ஐரோப்பாவுக்கென்று தனிக் கிடங்கு போட்டார். ஆர்டரை இரண்டாகப் பிரித்தார். பிறகு இரண்டும் சிறியதாகிவிட்டதே என்று வருத்தப்பட்டு, ஒன்றை நிறுத்தினார். ஆம்பூரில் ஒரு தையல் லைன் மூடியது. சாம்பிள் ரூமில் இருந்த சாமுவேல் பள்ளிக்கூட ஷூ தைக்கும் இன்னொரு கம்பெனிக்குப் போனார்.

அதே சமயம், ஐரோப்பிய நர்ஸ்கள் பலர் பிரிட்டனைவிட்டு ஊர் திரும்பினார்கள். அங்கே ஆள் தட்டுப்பாடு. வேலூரில் பாகாயம் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எஸ்தர் நேர்முகத் தேர்வுக்குப் போனாள், தேர்வானாள். தன்னை யாரும் ஆளக்கூடாது என்று ஒரு தேசம் ஓட்டுப்போட்டதில், ஒரே வீட்டில் கணவனுக்கு வேலை போய் மனைவிக்கு வேலை கிடைத்தது. பொருளாதாரத்தில் இதைச் சமநிலை என்பார்கள். வீட்டில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம், நான் கேட்கவில்லை.

ஆம்பூர் பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி, "எக்ஸ்போர்ட் கம்பெனியா, ஸ்கூல் ஷூவா சார்?"

"எக்ஸ்போர்ட்."

"எந்த நாடு?"

"இங்கிலாந்து."

"அது ரொம்ப நாளா டல்லு சார். இப்ப நம்ம நாட்டோட ஒப்பந்தம் போட்டுட்டாங்களாம், வரி கம்மியாவுமாம். ஆனா நான் அறுபதுதான் வாங்குவேன்." சர்வதேச வர்த்தகத்தின் பலன் ஆட்டோ வரை இறங்க நாளாகும் என்று புரிந்துகொண்டு கொடுத்தேன்.

சாமுவேல் அந்தப் பழைய கம்பெனி வாசலிலேயே நின்றார். "வாங்க மச்சான். பிரியாணி சாப்ட்டு பேசலாமா, பேசிட்டு சாப்பிடலாமா?" ஆம்பூர் பிரியாணியைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. சாப்பிட்டோம். தட்டு 150 ரூபாய். கத்திரிக்காய்த் தொக்கை இரண்டாம் முறை கேட்டால் முறைக்காமல் வைக்கிறார்கள்.

பிறகு சாம்பிள் ரூமுக்குக் கூட்டிப்போனார். அதன் தலைவர் இம்தியாஸ் பாய், சாமுவேலுக்குத் தொழில் தோஸ்த். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஷூக்கள். எல்லாம் இடது கால். இங்கே வழக்கம் அப்படி: மாதிரிக்கு ஒரு ஜோடி தைத்து, வலதை வாங்குகிறவருக்கு அனுப்புவார்கள், இடது இங்கேயே இருக்கும். அவர் சரி என்று எழுதினால்தான் ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். ஒற்றை ஷூவை வழியில் யாரும் திருடுவதில்லை என்பது கூடுதல் வசதி. வெளியேறிய நாட்டுக்குப் போன வலது கால்கள் பதில் போடவே இல்லை. இவை ஐந்தாறு வருடமாக அதே வரிசையில், நுனியை வாசல் பக்கம் வைத்துக் காத்திருக்கின்றன.

கடைசித் தட்டில் ஒரு பெண்கள் ஷூ தனியாக இருந்தது. கறுப்பு, தட்டையான அடி, நர்ஸ்கள் போடுகிற மாதிரி.

"இது எந்த கம்பெனி?" என்று கேட்டேன்.

"எஸ்தர் கம்பெனி" என்றார் இம்தியாஸ் பாய். "மூணு தடவ வலது அனுப்பிச்சிட்டான் இவன். மூணு தடவயும் ரிஜெக்ட். இந்த மாதிரி பேஜார் பண்ற பார்ட்டிய நான் பாத்ததே இல்ல."

சாமுவேல் சிரிக்கவில்லை. "நாலாம் நம்பர் லாஸ்ட்லதான் பண்ணேன் மச்சான். கல்யாணத்துலேர்ந்து அவளுக்கு நாலுதான். லேடீஸ் சாம்பிளே வழக்கமா நாலுலதான் பண்றது. எப்படித் தப்பாவும்?" லாஸ்ட் என்பது கால் வடிவக் கட்டை, அதன்மேல்தான் ஷூ உருவாகும்.

எஸ்தருக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை எட்டரை. இரவு டியூட்டி முடித்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்க வந்ததைக் கேட்பதற்குள் சாமுவேல் போனை வாங்கிக்கொண்டார்.

"மூணாவது வந்துச்சா?"

"வந்துச்சு. விரல் பக்கம் டைட்டு. குதிகால்ல கடிக்குது. அப்ரூவல் கிடையாது."

"நாலாம் நம்பர்தானே உனக்கு?"

"இருந்துச்சு." போனைக் கீழே திருப்பினாள். பாதங்கள் வீங்கி, அகலமாக இருந்தன. "பன்னெண்டு மணி நேரம் நின்னா எப்படிங்க அதே நாலாவே இருக்கும்?"

சாமுவேல் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு நாட்டின் கால்களுக்கெல்லாம் அளவு தெரிந்தவர், அந்த இரண்டை மட்டும் பழைய அளவிலேயே வைத்திருந்தார்.

"பேப்பர்ல வச்சு வரைஞ்சு அனுப்பு. அஞ்சுல பண்றேன்."

"பாதத்தோட மேல்சுத்து பேப்பர்ல வருமா? அளவெடுக்க ஆள் வரணும்" என்றாள். "தூக்கம் வருது. அண்ணன் எதுவோ கேக்கணும்னு வந்திருக்கு, பதில் சொல்லி அனுப்புங்க." வைத்துவிட்டாள்.

நான் எதையும் கேட்கவில்லை. மேஜைமேல் சுருட்டி வைத்திருந்த அளவு நாடாவை சாமுவேல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இம்தியாஸ் பாய் பார்த்தார்.

"இன்னா சாமுவேலு, திங்கக்கிழம?"

"வரல பாய்."

"அடப்பாவி. இங்க்லாந்து ஆர்டர் வருதுன்னு ஆளக் கூப்ட்டா, ஆளே இங்க்லாந்து போறானாம்." பாய் சற்று நேரம் லாஸ்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த டேப் கம்பெனிது. கொண்டுபோ. ஆனா அவன் ஊரு கணக்கு இன்ச்சு, நீ சென்டிமீட்டர் பக்கமே பாரு" என்றார். அங்கே போய் என்ன வேலை கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை என்று பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் சாமுவேலே சொன்னார். "நம்ம பெட்டியே வரும் மச்சான், தூக்கிக்கலாம்."

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கம்பெனிகள் மூடியிருக்கும். சாம்பிள் ரூமுக்குள் போக உள்ளே தெரிந்தவர் வேண்டும். கம்பெனிகளின் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஷூக்கள் மலிவாகக் கிடைக்கும். இரண்டு காலையும் போட்டு, கொஞ்ச தூரம் நடந்து பார்த்து வாங்குங்கள். மாலை வேலூர் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பது அரிது. நான் பாகாயம் வழியாகத் திரும்பியிருக்கலாம். முன்பு எப்போதும் அங்கே இறங்கி எஸ்தர் கையால் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவேன். இப்போது அங்கே இறங்கிப் பார்க்க ஆளில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஆம்பூரிலும் இல்லை. அதற்குத்தான் நூறு மைலுக்கு மேல் பயணம் செய்து, வெற்றிகரமாக வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்தக் கறுப்பு இடது ஷூவை நான் கேட்டேன். இம்தியாஸ் பாய் தரவில்லை. அப்ரூவல் வராத சாம்பிளை வெளியே அனுப்பக்கூடாதாம். அது அதே தட்டில், வாசலைப் பார்த்தபடி இருக்கிறது.